பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் இல்லத்தின் செப நேரங்கள்

துறவியர் ஏற்கெனவே மடத்துக்குள் வாழ்பவர்கள்தாமே, கதவடைப்புக் காலம் அவர்களுக்கு எளிதாகவே கழிந்திருக்கும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கார்மேல் சபையினர், கிளாரா சபையினர் போன்று அடைப்பு மடங்களில் வாழும் கன்னியருக்கு அது ஓரளவு பொருந்தலாம். எங்களைப் போன்ற பணித் துறவற சபைகளுக்குச் சற்றும் பொருந்தாது. காலை செபத்துக்கும் திருப்பலிக்கும் பின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பங்குப் பணிக்கும் பிரிந்து சென்று, மாலையில் மீண்டும் சிற்றாலயத்தில் ஒன்றுகூடுவதே எங்கள் நாளின் அமைப்பு. பிரிந்து செல்வது நின்றபோது ஒன்றுகூடுவதன் சுவையே மாறிப்போனது. பின்னர் இல்லத்துக்குள் தொற்று நுழைந்தபோது ஒன்றுகூடுவதும் நின்றது. முதலில் வழிபாட்டுப் பொறுப்பும், பிறகு நோயுற்ற சகோதரிகளைக் கவனிக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்ததால், எங்கள் செப வாழ்வை எது தாங்கிப் பிடித்தது, எது பாதியில் கைவிட்டது என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. இன்னொரு நோய்க்காலத்தைச் சந்திக்க நேரும் இல்லங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று, தவக்காலத்தின் நடுவில். அதையொட்டிய நாள்களில் மக்கள் பங்கேற்கும் திருப்பலிகள் பல மறைமாவட்டங்களில் நிறுத்தப்பட்டன. எங்கள் இல்லத்துக்கு நாள்தோறும் வந்து திருப்பலி நிறைவேற்றிய அருள்பணியாளரும் வர இயலவில்லை. அப்போது எங்களுக்குள் முதலில் எழுந்தது ஒருவகை உற்சாகம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நேரம் மிகுதியாகக் கிடைத்துவிட்டது, உலகமோ துன்பத்தில் இருக்கிறது, ஆகவே இன்னும் மிகுதியாகச் செபிப்போம் என்று ஆளுக்கொரு பக்தி முயற்சியைக் கொண்டுவந்தார்கள். நவநாள், இறை இரக்கத்தின் செபமாலை, புனித செபஸ்தியாருக்கும் புனித ரோக்குக்கும் மன்றாட்டு, இரவு முழுவதும் முறைவைத்து நற்கருணை (திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக மாறும் அப்பம்) ஆராதனை, நண்பகலில் இன்னொரு செபமாலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. மூத்த சகோதரிகள் களைத்துப்போனார்கள். இளையவர்கள் இணையவழி வகுப்புகளுக்கும் ஆராதனை முறைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார்கள். காலை செபத்தில் பாதிப்பேர் தூங்கி வழிந்தார்கள். ஒரு மாலையில் எங்கள் இல்லத் தலைவி அறிவிப்புப் பலகையிலிருந்து அந்த அட்டவணையைக் கழற்றிவிட்டு, திருப்புகழ்மாலை (நாளின் குறித்த நேரங்களில் திருப்பாடல்களைக் கொண்டு சொல்லும் திருஅவையின் பொதுச் செபம்), ஒரு செபமாலை, ஒரு மணி நேர ஆராதனை ஆகியவற்றை மட்டும் எழுதி மாட்டினார். மற்றவை அவரவர் விருப்பம் என்றார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பின்னால் பாதி இல்லம் நோயில் படுத்தபோதும் விடாமல் நடந்தவை அந்த அட்டவணையில் இருந்தவை மட்டுமே. நெருக்கடிக் காலத்தில் செபத்தைக் கூட்டுவதைவிட, எதை எந்த நிலையிலும் விடுவதில்லை என்று முடிவு செய்து மற்றதைக் குறைப்பதே முதலில் செய்ய வேண்டியது என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த முடிவுக்கு எங்களுக்குத் துணையாக இருந்தது துறவு மடங்களுக்கென்று புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல். நாங்கள் அவருடைய சபையினர் அல்லர். ஆயினும் 6-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூலின் 50-ஆம் அதிகாரம் எங்கள் நிலைமைக்கென்றே எழுதியதுபோல இருந்தது. தொலைவில் வேலை செய்வதால் உரிய நேரத்தில் ஆலயத்துக்கு வர இயலாத சகோதரர்கள், தாங்கள் இருக்கும் இடத்திலேயே இறையச்சத்தோடு முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும் என்றும், பயணத்தில் இருப்போரும் செப நேரங்களைத் தவறவிடலாகாது என்றும் அது சொல்கிறது. அதாவது இடத்தை விட்டுக்கொடுக்கலாம், நேரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. நாளின் முழு ஓட்டத்தையும் இரவையும் இறைப்புகழால் புனிதப்படுத்துவதற்காக அமைந்தது திருப்புகழ்மாலை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் சொல்வதும் இதையே. இதைப் படிப்பது எளிது. காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவர், தன் அறைக்குள்ளிருந்து, மாலை ஆறு மணிக்கு இல்லம் முழுவதும் ஒரே திருப்பாடலைச் சொல்கிறது என்று அறிந்திருப்பதற்கும், தனக்குத் தோன்றும்போது செபப் புத்தகத்தைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நோயாளிகளே எனக்குச் சொன்னார்கள். தனியாகச் சொல்லும்போது அது பாதியில் நின்றுவிடுகிறது என்றார் ஒரு சகோதரி. மணி கேட்டுவிட்டால் உதடு தானாக அசைகிறது என்றார்.

ஆகவே நாங்கள் செய்த முதல் மாற்றம் மணியில்தான். சிற்றாலயத்தின் மின்மணி தனிமைப்படுத்தப்பட்டவர்கள் இருந்த பகுதிக்குச் சரியாகக் கேட்கவில்லை. பழைய கைமணி ஒன்றைத் தேடி எடுத்து, நலமாக இருந்த சகோதரி ஒருவர் ஒவ்வொரு செப நேரத்துக்கும் ஐந்து நிமிடங்களுக்கு முன் அந்தப் பகுதியின் நுழைவாயில்வரை சென்று அடித்துவிட்டு வருவார். அந்த ஐந்து நிமிடம் முக்கியம். நோயாளி எழுந்து உட்காரவும், கண்ணாடியைத் தேடவும், தண்ணீர் குடிக்கவும், பக்கத்தைப் புரட்டி எடுக்கவும் அது தேவைப்படுகிறது. செபப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதை ஒருநாள் முன்பே தாளில் எழுதி உணவுத் தட்டோடு அனுப்பிவிடுவோம். திருப்புகழ்மாலையைப் பல்லாண்டு சொன்னவர்கள்கூடக் காய்ச்சலில் வாரத்தையும் கிழமையையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்தது குரல். கைப்பேசியில் குழு அழைப்பு வைத்துத் திருப்பாடல்களைச் சேர்ந்து சொல்ல முயன்றோம். ஒவ்வொரு கருவியிலும் ஒலி சற்றுப் பிந்தி வருவதால் அது செபமாக இல்லாமல் இரைச்சலாகிவிட்டது. கடைசியில் சரிப்பட்ட முறை இது: இரண்டு பேர் மட்டும் ஒலிவாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அடிகளை மாறி மாறிச் சொல்ல வேண்டும்; மற்றவர்கள் தங்கள் ஒலிவாங்கியை மூடிவிட்டு, இருவரில் ஒருவரோடு சேர்ந்து அறைக்குள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; மன்றாட்டுகளின்போது மட்டும் ஒவ்வொருவராகத் திறந்து பேச வேண்டும். யார் யார் சொல்வது என்பதை வாரத்துக்கு ஒருமுறை மாற்றினோம். நோயாளிகளில் குரல் வரக்கூடியவர் ஒருவரை அந்த இருவரில் ஒருவராக வைத்தது நல்ல ஏற்பாடு. தன்னைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்லவில்லை, தான் இல்லத்தின் செபத்தை நடத்துகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

வானிலை நன்றாக இருந்த நாள்களில் கைப்பேசியை விட்டுவிட்டோம். தனிமை அறைகளின் சன்னல்கள் தோட்டத்தைப் பார்த்திருந்தன. நலமாக இருந்தவர்கள் தோட்டத்தில் இடைவெளி விட்டு நின்று ஓர் அணியாகவும், சன்னலருகே உட்கார்ந்த நோயாளிகள் மற்றோர் அணியாகவும் மாலை செபத்தின் திருப்பாடல்களைச் சொன்னோம். இதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1576-இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவி, மக்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது, அதன் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடங்களை அமைத்து, மக்கள் தங்கள் சன்னல்களிலிருந்தே திருப்பலியில் பங்கேற்கச் செய்தார். பேராலய மணி ஒரு நாளில் பலமுறை ஒலிக்க, ஒரு வீட்டார் தொடங்கும் செபத்துக்கு எதிர் வீட்டார் சன்னலிலிருந்து பதில் சொன்னார்கள். நோய்க்காலச் செபத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நடைமுறைக்கு உகந்தது வேறில்லை. தெருவையும் சன்னலையும் மணியையும் அவர் அப்படியே பயன்படுத்திக்கொண்டார்.

முகக்கவசத்தால் வந்த ஒரு சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்களோடு இருந்த முதிய சகோதரி ஒருவருக்குக் காது கேட்காது. எதிர் வரிசையில் இருப்பவர்களின் உதடுகளைப் பார்த்தே அவர் பல ஆண்டுகளாகத் திருப்பாடலைத் தொடர்ந்து வந்திருக்கிறார் என்பது, எல்லாரும் முகத்தை மூடிய அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் அணி சொல்லி முடிக்குமுன் அவர் தம் அடியைத் தொடங்கிவிடுவார். அல்லது எல்லாரும் முடித்த பிறகும் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு தம் தவற்றை உணர்ந்து வாயை இறுக மூடிக்கொண்டு புத்தகத்தையே பார்ப்பார். செபத்தை நடத்துபவர் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் வலக்கையை மேசைமேல் வைத்து எடுப்பது என்று ஏற்பாடு செய்தோம். கை எழும்பியதும் அவர் தொடங்குவார். அந்தச் சிறு அசைவு செபத்தையே நிதானப்படுத்தியது. அதுவரை அணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சொல்லும் வழக்கமும் குறைந்தது. பாடுவதை அந்த மாதங்களில் நிறுத்தியிருந்தோம். பாடினால் மூச்சுத் துளிகள் மிகுதியாக வெளிப்படும் என்பதால், ஒரே சுரத்தில் தாழ்ந்த குரலில் சொன்னோம். சிற்றாலயத்தின் சன்னல்களை எப்போதும் திறந்து வைத்தோம், ஆளுக்கொரு புத்தகம் என்று பெயர் எழுதிப் பிரித்துக் கொடுத்தோம், வாயிலில் இருந்த தீர்த்தத் தொட்டியைக் காலி செய்தோம். இவை எல்லா இல்லங்களும் செய்தவையே.

நேரலைத் திருப்பலியைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணமே உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மார்ச் மாதத்திலிருந்து மே மாதத்தின் நடுப்பகுதிவரை வத்திக்கானில் தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்தில் நிறைவேற்றிய காலைத் திருப்பலி நாள்தோறும் நேரலையில் வந்தது. மார்ச் 27 மாலையில், மழையில் நனைந்த, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் அவர் தனியாக நடந்து வந்து, புயலில் சிக்கிய படகைப் பற்றிய மாற்கு நற்செய்திப் பகுதியை ஒட்டி மறையுரையாற்றி, நற்கருணை ஆசீர் வழங்கியதை நாங்களும் பார்த்தோம். அன்று ஒருவரும் எழுந்து போகவில்லை. ஆனால் ஒரு மாலை அப்படி இருப்பதும், ஒவ்வொரு நாளும் திரையின் முன் உட்காருவதும் ஒன்றல்ல. சில நாள்களில் நாங்கள் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பவர்களாகிவிட்டோம். ஒரு நாட்டுத் திருப்பலி முடிந்ததும் இன்னொரு நாட்டுத் திருப்பலிக்குத் தாவுவதும், மறையுரைகளை ஒப்பிட்டுப் பேசுவதும் நடந்தன. அதைச் சரிசெய்ய நாங்கள் வகுத்த ஒழுங்கு எளியது. திரையை உணவறையிலிருந்து சிற்றாலயத்துக்கு மாற்றி, பீடத்தின் மேல் வைக்காமல் ஒரு பக்கமாக வைத்தோம். நற்கருணைப் பேழையை அது மறைக்கக் கூடாது. வாசகங்களைத் திரையிலிருந்து கேட்காமல், ஒலியை நிறுத்திவிட்டு எங்களில் ஒருவர் வாசக மேடையில் நின்று வாசித்தார். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றோம், முழந்தாளிட வேண்டிய இடத்தில் முழந்தாளிட்டோம், பதில்மொழிகளை வாய்விட்டுச் சொன்னோம். நற்கருணை வாங்கும் நேரத்தில் நற்கருணை வாங்க இயலாதபோது இயேசுவை உள்ளத்தில் வரவேற்கச் சொல்வதற்கென்று புனித அல்போன்ஸ் லிகோரி இயற்றிய ஆன்ம நற்கருணைச் செபத்தைச் சொல்லி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, ஒலிபரப்பு எப்போது முடிகிறது என்று பாராமல் அமைதியில் இருந்தோம். எந்த ஒலிபரப்பும் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்று வத்திக்கானில் வழிபாட்டு ஒழுங்குகளைக் கவனிக்கும் துறையான திருவழிபாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் இராபர்ட் சாரா அதே ஆண்டில் ஆயர்களுக்கு எழுதிய மடலில் சொன்னபோது, எங்களுக்கு அது கண்டிப்புரையாகத் தோன்றவில்லை, எங்கள் அனுபவமாகவே தோன்றியது.

புனித வாரத்துக்கென்று மார்ச் மாதத்தில் திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட ஆணையின்படி பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு விடப்பட்டது. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்வது வழிபாட்டை நடத்துபவருக்கு மட்டும் என்றாயிற்று. இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு பேராலயங்களிலும் பங்கு ஆலயங்களிலும் மட்டுமே நடந்தது. இந்த இடத்தில் திருப்புகழ்மாலை எங்களுக்கு எதிர்பாராத உதவி செய்தது. பெரிய வியாழன் மாலை செபம், ஆண்டவரின் இரவு விருந்துத் திருப்பலியில் பங்கேற்காதவர்கள் மட்டுமே சொல்ல வேண்டியது. புனித சனி இரவு செபம், திருவிழிப்பில் பங்கேற்காதவர்களுக்கு மட்டும் உரியது. திருவிழிப்புக்குச் செல்லாதவர்கள் அதன் வாசகங்களில் நான்கையாவது செபத்தோடு வாசிக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் உண்டு. துறவற வாழ்வில் பொன்விழாக் கண்ட சகோதரிகள்கூட அந்தப் பக்கங்களை ஒருமுறையும் பயன்படுத்தியதில்லை. வர இயலாதவர்களுக்கென்று திருஅவை ஏற்கெனவே ஒரு பக்கத்தை அச்சிட்டு வைத்திருந்தது என்பது அந்த ஆண்டு எங்களுக்குத் தந்த ஆறுதல் சிறிதன்று. நாமாகப் புதிய சடங்குகளைப் புனைந்து ஈடுகட்டுவதற்கு முன், கையில் இருக்கும் புத்தகத்தின் சிவப்பெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

நற்கருணைப் பேழையில் இருந்த திருவப்பங்கள் குறையத் தொடங்கியபோது இல்லத்தில் ஒரு விவாதம் எழுந்தது. நாள்தோறும் வாங்கித் தீர்த்துவிடுவதா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாங்கி நீட்டிப்பதா, ஆராதனைக்காகக் கொஞ்சம் வைத்திருப்பதா என்று மூன்று தரப்பு. நற்கருணை வைக்கப்பட்டுள்ள இடத்தில் இயன்றவரை மாதத்துக்கு இருமுறையாவது திருப்பலி நிறைவேற்றப்பட வேண்டும் என்று திருஅவைச் சட்டத்தின் 934-ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் எப்போது இயலும் என்று தெரியாத நிலை. முடிவாக, நற்கருணையைப் பேழையில் வைத்துக் காப்பதன் முதல் நோக்கமே இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு வழியுணவாக அளிப்பது என்பதை நினைவில் கொண்டு, நோயாளிகளுக்கு வேண்டிய அளவை முதலில் ஒதுக்கினோம். மற்றவர்கள் திருவப்பத்தைச் சிறு துண்டுகளாகப் பகிர்ந்து ஞாயிறுதோறும் வாங்கினோம். விவாதம் சூடாகத்தான் நடந்தது. ஆனால் நற்கருணையைப் பற்றி இவ்வளவு நேரம் சேர்ந்து பேசியதும் அதுவே முதல் முறை.

அருள்பணியாளரிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளத்தைக் கைப்பேசி வழியாகப் பெற முடியாது. இதைப் பலமுறை விளக்க வேண்டியிருந்தது, வெளியிலிருந்து அழைத்தவர்களுக்கும் எங்களுள் சிலருக்கும். அருள்பணியாளரை அணுக இயலாதபோது, கடவுள்மீதுள்ள அன்பினால் எழும் முழுமையான மனத்துயரும், வாய்ப்புக் கிடைத்ததும் பாவ அறிக்கை செய்வேன் என்ற உறுதியும் சாவான பாவத்துக்கும் மன்னிப்பைப் பெற்றுத் தரும் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏடு 1452-ஆம் எண்ணில் சொல்வதைத் தாளில் எழுதி ஒவ்வோர் அறையிலும் வைத்தோம். நோயுற்றோருக்கு எண்ணெய் பூசும் அருளடையாளமான நோயில் பூசுதலைப் பொறுத்தவரை, கடுமையான காரணம் இருந்தால் அருள்பணியாளர் தம் கையால் தொடாமல் ஒரு கருவியைக் கொண்டு எண்ணெய் பூசலாம் என்று திருஅவைச் சட்டத்தின் 1000-ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சியை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். அருள்பணியாளர் பாதுகாப்பு உடையோடு வாயிலில் நிற்கும்போது பஞ்சைத் தேடிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல.

ஒரே கூரையின்கீழ் நாள் முழுவதும் இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லாதது. கதவைச் சாத்தும் ஓசை, இணைய வகுப்பின் சத்தம், ஒருவர் இரண்டாம் முறை தேநீர் எடுத்தது என்று மிகச் சிறியவற்றுக்கு மனம் கசந்தது. இவற்றில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. எல்லாக் குடும்பங்களிலும் நடந்ததுதான். எங்களுக்கு உதவியவை இரவு செபத்துக்குப் பின் காலைவரை மௌனம் என்ற பழைய விதியை மீண்டும் உறுதியாகக் கடைப்பிடித்ததும், செய்தி பார்ப்பதை நாளில் ஒரே நேரத்துக்கு ஒதுக்கியதும். முன்பெல்லாம் மௌனம் செபத்துக்காக என்று எண்ணினோம்; அந்த மாதங்களில் அது ஒருவர் மற்றவருக்குத் தரும் இளைப்பாறுதலாகவும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் இறப்பு எண்ணிக்கை பேசுவதை இல்லத் தலைவி தடை செய்தார். அதற்கு மாறாக, வெளியிலிருந்து வரும் செப வேண்டுதல்களை எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சிற்றாலய வாயிலில் வைத்தோம். தொலைபேசியை எடுப்பவர் பெயரையும் தேவையையும் ஒரு வரியில் எழுதுவார். மாலை செபத்தில் அன்று சேர்ந்த பெயர்கள் மட்டும் வாசிக்கப்படும். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களையும் வாசித்தோம். அது நீண்டு, யாரும் கேட்கவில்லை. நோட்டின் பின்புறத்திலிருந்து இறந்தோர் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தோம். முன்பக்கத்தில் இருந்த ஒரு பெயர், சிவப்பு மையில் கோடிடப்பட்டு, பின்பக்கத்தில் அதே கையெழுத்தில் மீண்டும் வரும். சில குடும்பங்களில் மூன்று பெயர்கள் அப்படி இடம் மாறின. அழைத்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துத் திரும்ப அழைத்து விசாரிப்பது என்று ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்தோம். செபிக்கிறோம் என்று சொல்வதோடு நின்றுவிடுவதைவிட அந்த இரண்டாவது அழைப்பு மக்களுக்கு மிகுந்த ஆறுதல் தந்தது.

நோயாளிகளுக்குப் பணியாற்ற வெளியே செல்ல வேண்டும் என்று இளைய சகோதரிகள் சிலர் வற்புறுத்தினார்கள். உரோமையில் கொள்ளைநோய் கண்டவர்களைச் சுமந்து பணியாற்றி 1591-இல் தம் 23-ஆம் வயதில் இறந்த புனித அலோசியஸ் கொன்சாகாவை அவர்கள் சுட்டிக்காட்டியபோது மறுத்துப் பேசுவது எளிதாக இல்லை. 1348-இல், நோயுற்ற தம் துறவியரைக் கவனிக்க மொந்தே ஒலிவேத்தோ மடத்தை விட்டுச் சியன்னாவுக்குச் சென்று, அவர்களோடு தாமும் இறந்த புனித பெர்னார்து தொலோமெயின் நினைவும் எழுந்தது. ஆனால் வெளியே சென்று திரும்புபவர் தம்மோடு எண்பது வயதுச் சகோதரிகளின் அறைக்குள்ளும் நுழைகிறார். நோயாளிப் பணிக்குச் செல்பவர்கள் அந்தக் காலம் முடியும்வரை தனிக் கட்டடத்தில் தங்குவது என்றும், செவிலியர் பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே செல்வது என்றும் முடிவாயிற்று. பிறர் இல்லத்துக்குள்ளேயே நோயாளிகளுக்குப் பணியாற்றினார்கள். அனைத்துக்கும் முன்பாக, அனைத்துக்கும் மேலாக நோயுற்றோரைக் கவனிக்க வேண்டும், கிறிஸ்துவுக்கே செய்வதுபோல் அவர்களுக்குப் பணி செய்ய வேண்டும் என்ற பெனடிக்டின் 36-ஆம் அதிகாரம் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதை ஏற்றுக்கொள்ள அந்த இளையவர்களுக்குச் சில நாள்கள் தேவைப்பட்டன. வெளியே போவதில் இருந்த வீரம், படுக்கைப் பாத்திரம் கழுவுவதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு மூத்த சகோதரி திரும்பி வரவில்லை. அவரைக் கடைசியாகப் பார்த்தது வாகனத்தின் கதவு மூடும்போது. உடல் இல்லத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. அடக்கத்தில் நிற்க அனுமதி கிடைத்தது மிகச் சிலருக்கு மட்டும். நாங்கள் அதே நேரத்தில் சிற்றாலயத்தில் இறந்தோருக்கான திருப்புகழ்மாலையை முழுமையாகச் சொன்னோம். அவருடைய இருக்கையில் அவருடைய செபப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தோம். ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதியிருந்த பெயர்களையும் தேதிகளையும் ஒவ்வொருவராக வந்து பார்த்துச் சென்றார்கள். அதன்பின் நாங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பையைத் தயாராக வைத்தோம். கழுவக்கூடிய செபமாலை, சிறிய பாடுபட்ட சிலுவை, மருந்துகளின் பட்டியல், இல்லத்தின் எண் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை, கைப்பேசியும் அதற்கான மின்னூட்டியும், தமக்கு நினைவிழந்தால் யாரை அழைக்க வேண்டும், எந்தச் செபத்தைக் காதில் சொல்ல வேண்டும் என்று அவரே எழுதிய ஒரு தாள். இறக்கும் தறுவாயில் அருளடையாளங்களைப் பெற இயலாதவர்கள், வாழ்நாளில் செபிக்கும் வழக்கம் உள்ளவர்களாயின், பரிபூரணப் பலனை (பாவங்களுக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் அருளை) பெறுவார்கள் என்றும், அதற்குப் பாடுபட்ட சிலுவையைக் கையில் கொள்வது சிறந்தது என்றும் 2020 மார்ச் மாதத்தில் திருப்பீடம் ஓர் ஆணை வெளியிட்டிருந்தது. பைக்குள் சிலுவை வந்தது அதனால்தான். அந்தத் தாளை எழுதச் சொல்வது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். மூத்தவர்கள் உடனே எழுதினார்கள். தயங்கியவர்கள் நடுவயதினரே.

அந்த இறப்புக்குப் பிறகு வந்த ஞாயிறு இரவு செபத்தில், இருளில் உலவும் கொள்ளைநோய்க்கு அஞ்சமாட்டாய் என்று கூறும் 91-ஆம் திருப்பாடலைச் சொல்லும்போது பலருடைய குரல் நின்றுவிட்டது. அந்தத் திருப்பாடலை அன்று உலகமெங்கும் காப்புத் தகடுபோல அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் நோய் அணுகாது என்ற குறிப்போடு. இறந்த சகோதரி அதை வாழ்நாள் முழுவதும் ஞாயிறுதோறும் சொன்னவர். இயேசுவைக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதிப்பவன் எடுத்துக்காட்டியதும் இதே திருப்பாடலைத்தான் என்பதை அப்போது எங்களுக்குள் பேசினோம். திருப்புகழ்மாலையின் நன்மை, அது நம் விருப்பத்துக்கு விடுவதில்லை என்பது. ஞாயிறு இரவு 91-ஐத் தரும் அதே புத்தகம், வெள்ளி இரவு 88-ஐத் தருகிறது. ஒளியின் ஒரு கீற்றும் இன்றி இருளில் முடியும் திருப்பாடல் அது. நாமே தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டில் ஒன்றை விட்டிருப்போம். அந்த மாதங்களில் 88-ஐச் சொல்ல முடிந்ததால்தான் 91-ஐ மீண்டும் சொல்ல முடிந்தது என்று பல சகோதரிகள் கூறினார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

தொற்று தணிந்து எல்லாரும் சிற்றாலயத்துக்குத் திரும்பியபோது, கைப்பேசி இணைப்பை இனி நிறுத்திவிடலாம் என்று பெரும்பாலானோர் கருதினார்கள். செபத்தில் கருவி எதற்கு என்பது அவர்கள் வாதம். மறுப்பு வந்தது படுக்கையில் இருந்த சகோதரிகளிடமிருந்து. முதுமையால் நடக்க இயலாமல், பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அறையில் இருந்தவர்கள் அவர்கள். நாங்கள் எல்லாரும் அடைபட்டபோதுதான் அவர்களுக்கு இல்லத்தின் செபம் திரும்பக் கிடைத்தது; அதுவரை அவர்கள் இல்லாமலேயே அது நடந்துகொண்டிருந்தது என்பதை எங்களில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. இணைப்பு இன்றும் தொடர்கிறது. செபத்துக்கு ஐந்து நிமிடங்களுக்கு முன் அந்த அறைகளின் வாயிலில் கைமணி அடிப்பதும், கைப்பேசிகளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும், பக்க எண் தாளைக் கொடுப்பதும் வாரப் பணிப் பட்டியலில், பீடத்து மலர் மாற்றுவதற்கு அடுத்த வரியில், சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வருகின்றன.